புதைந்த கோரைப்பல்லும் அதன் கிடப்பும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் பல் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக, வெளிவராமல் மேல்தாடை எலும்புக்குள்ளேயே தங்கிவிடும் கோரைப்பல்லுக்குத் ‘தடைபட்ட கோரைப்பல்’ என்ற சொல்லை நம் குழுவின் ஐயா அவர்கள் முன்மொழிந்திருந்தார்கள். சொல் தெளிவாக இருந்தாலும், அது காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது என்பதே என் தயக்கம். உதட்டுப்புறம் நிற்கும் பற்களுக்குப் பெரும்பாலும் இட நெருக்கடி காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் அண்ணப்புறம், அதாவது வாயின் மேற்கூரைப் பக்கம், சாய்ந்து கிடப்பவற்றில் பலவும், வரிசையில் போதிய இடம் இருந்தும் வழிதவறிப் போனவை. அவற்றையும் தடைபட்டவை என்று எழுதினால், படிக்கும் மாணவர் இல்லாத தடையைத் தேடுவார். ‘புதைந்த’ என்பது எலும்பும் ஈறும் மூடியிருப்பதை மட்டுமே சொல்வதால் அதையே நான் ஆதரிக்கிறேன்.

வேலூர்ப் பக்கத்தில் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள் “பல்லு உள்ளயே நின்னுபோச்சு” என்பார்கள். அதைக் கொண்டு ‘உள்நின்ற பல்’ என ஆக்கலாமே என்று குடியாத்தத்து நண்பர் எழுதியிருந்தது எனக்கும் பிடித்திருந்தது. ஆயினும் பல் மருத்துவத்தில் உட்புறம் என்றால் அண்ணத்தின் பக்கம் என்பதால், ‘உதட்டுப்புறம் உள்நின்ற பல்’ என்று எழுத நேரும்போது குழப்பமே மிஞ்சும்.

9 வயதில் கோரைப்பல் வெளிவராமல் இருப்பது இயல்பு. அது ‘முளைக்காத பல்’ மட்டுமே. 11, 12 வயதையொட்டி வரவேண்டியது, காலம் கடந்தும் வராமல், தானாக வரும் வாய்ப்பும் இல்லையென்று தெரிந்த பிறகே ‘புதைந்த பல்’ ஆகிறது. இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றக்கூடியது. எரிக்சன், குரோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுக்குள் பால் கோரைப்பல்லைப் பிடுங்கியபோது, அண்ணப்புறம் விலகியிருந்த நிரந்தரக் கோரைப்பற்களில் பெரும்பாலானவை தாமே வழிக்கு வந்தன. பல்லின் தலைப்பகுதி, கோரைப்பல்லை அடுத்து முன்புறம் உள்ள பக்க வெட்டுப்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டாதிருந்தால் 91 விழுக்காடும், தாண்டியிருந்தால் 64 விழுக்காடும் சரியாயின.

புதைந்த பல் எங்கே, எப்படி இருக்கிறது என்று ஆராய்வதைக் குறிக்கும் அடுத்த சொல்லுக்கும் இந்த எண்களே வழிகாட்டுகின்றன. ‘இடங்காணல்’ என்பது பல் அண்ணப்புறமா உதட்டுப்புறமா என்று அறிவதற்குப் போதும். ஆனால் பல்சீரமைப்பு மருத்துவர், பற்கள் அனைத்தையும் தாடைகளையும் ஒரே எக்ஸ்ரேயில் காட்டும் ஓ.பி.ஜி. படத்தில் பல்லின் உயரத்தையும், முக நடுக்கோட்டோடு அது கொள்ளும் சாய்வையும், பக்க வெட்டுப்பல்லின் மேல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார். இவை அனைத்தையும் அடக்கக் ‘கிடப்பு’ என்ற சொல்லையும், ஆய்வுக்குக் ‘கிடப்பு மதிப்பீடு’ என்பதையும் முன்வைக்கிறேன். ‘கிடப்பில் போடுதல்’ என்ற வழக்கு நினைவுக்கு வரலாம். மருத்துவச் சூழலில் அது பொருளைக் கெடுக்காது.

எக்ஸ்ரே குழலை நகர்த்தி இரண்டு படம் எடுக்கும் முறைக்கு மாணவர்கள் மனத்தில் நிற்கும்படி ஒரு வாய்பாடும் வேண்டும். பக்கத்துப் பல்லோடு ஒப்பிட, குழல் நகர்ந்த திசையிலேயே கோரைப்பல்லின் நிழலும் நகர்ந்தால் அது அண்ணப்புறம் இருக்கிறது. எதிர்த்திசையில் நகர்ந்தால் உதட்டுப்புறம். “உடன் சென்றால் உட்புறம், எதிர் சென்றால் வெளிப்புறம்” என்று வைக்கலாம்.

புதைந்த பல் நெருங்கியதால், அருகிலுள்ள வெட்டுப்பல்லின் வேர் குறைந்துபோவதைச் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே படம் தெளிவாகக் காட்டும். அதை ‘வேர் அரிப்பு’ என்று எழுதினால் நோயாளி ஈறு நமைச்சல் என்றே எடுத்துக்கொள்வார் என்பதால், ‘வேர்க்கரைவு’ என்பதைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.