நியூயார்க் ஜெட்ஸ் 2024ல 5-12: எல்லாத்தையும் ராட்ஜர்ஸ் வயசு மேல போட்டுட்டா முடிஞ்சுதா?

நாலாவது ஸ்னாப்:
2024 அமெரிக்கன் ஃபுட்பால் சீசனோட கடைசி மேட்ச்ல நம்ம ஜெட்ஸ் டால்ஃபின்ஸ 32-20 அடிச்சாச்சு, பந்த எறியுற குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் 500வது டச்டவுன் பாஸும் (எதிராளி கோட்டுக்குப் பின்னாடி எண்ட்ஸோன்ல பந்த சேக்குறதுதான் டச்டவுன்) போட்டாச்சு, எல்லாம் சரி, ஆனா டேபிள்ல பாத்தா 5 ஜெயிப்பு, 12 தோல்வி. 2023ல மொத மேட்ச்ல நாலாவது ஸ்னாப்லயே (பந்து ஆட்டத்துக்கு வர்ற நாலாவது தடவையே) அவருக்கு குதிகால் அக்கிலீஸ் நாண் கிழிஞ்சு வெளில போனாரு, அப்பக்கூட ஸாக் வில்சன், சீமியன்னு குவார்ட்டர்பேக்க மாத்தி மாத்தி வெச்சு 7 ஜெயிச்சோம். இந்த வாட்டி மனுஷன் 17 மேட்சும் ஆடியிருக்காரு, 28 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன் (எதிராளி கைல சிக்குன பாஸ்), 3,897 யார்டு. 41 வயசுக்கு அவ்ளோ கேவலம்னு சொல்ல முடியாதுல்ல? ஆனா எங்க போனாலும் "கிழவன்தான் காரணம்"னு ஒரே பாட்டு. உண்மையிலயே எங்கதான் ஓட்டை? பிளேஆஃப், அதான் நாக்அவுட் ரவுண்டு, பாத்து 2024ஓட 14 சீசன் ஆச்சு, என்எஃப்எல் லீக்ல இதான் பெரிய வறட்சி, வயித்தெரிச்சல்ல கேக்குறேன்.

எண்ட்ஸோன் பெஞ்சு:
நாம கிட்டத்துல வந்து தோத்த மேட்ச் ஸ்கோர மட்டும் வரிசையா எழுதிப் பாருங்க ப்ரோ. ப்ராங்கோஸ் 10-9, வைக்கிங்ஸ் 23-17, பில்ஸ் 23-20, பேட்ரியட்ஸ் 25-22, கோல்ட்ஸ் 28-27, சீஹாக்ஸ் 26-21, டால்ஃபின்ஸ் ஓவர்டைம்ல 32-26. 12 தோல்வில 7 தோல்வி ஆறு பாயின்ட்டுக்குள்ள. ப்ராங்கோஸ் மேட்ச்சுக்கு நான் நம்ம மெட்லைஃப் ஸ்டேடியத்துலதான் இருந்தேன், விடாத மழை, போட்டிருந்த பான்ச்சோ கிழிஞ்சு உள்ள சட்டையெல்லாம் ஈரம். எதிர் டீம் ரூக்கி (மொத வருஷ) குவார்ட்டர்பேக் போ நிக்ஸுக்கு மொத பாதில பாஸிங் யார்டு மைனஸ்ல போச்சு, மைனஸ்ல! அப்பேர்ப்பட்ட மேட்ச்ச தோக்குறதுக்கு தனித் திறமை வேணும். நம்மாளுங்க ஸ்னாப்புக்கு முன்னாடியே அசைஞ்சு ஃபால்ஸ் ஸ்டார்ட்டா வாங்கிக் குவிச்சாங்க, ராட்ஜர்ஸ் குரல ஏத்தி இறக்கி எதிராளிய முன்னாடியே கோட்டத் தாண்ட வெச்சு ஆஃப்சைடு இழுக்கப் பாப்பாரு, குதிச்சது என்னவோ நம்ம லைன்மேன்தான். கடைசில 50 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா 3 பாயின்ட்), கிக்கர் ஸூர்லைன் உள்ள போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம், வெளில போச்சு. பக்கத்துல இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசல, எந்திரிச்சுப் போயிட்டாரு. பில்ஸ் மேட்ச்ல அதே ஸூர்லைன் ரெண்டு தடவ கம்பத்துல அடிச்சாரு, பேட்ரியட்ஸ்கிட்ட ஒரு 44 யார்டு கிக்கும் டச்டவுனுக்கு அப்புறம் உதைக்கிற ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் போச்சு, தோத்தது மூணு பாயின்ட்டுல. என்னக் கேட்டா கிக்கர் ஒருத்தர் ஒழுங்கா இருந்திருந்தா மூணு மேட்ச் இந்தப் பக்கம் வந்திருக்கும், 8-9. அதுவும் பிளேஆஃப் இல்லதான், ஆனா மூஞ்சிய வெளில காட்டலாம்.

பில்ஸ்காரன்:
கம்பத்துல அடிச்சதுக்கு நன்றி 😂 நாங்க உங்கள 40-14 அடிச்ச மேட்ச்ச ஏன் லிஸ்ட்ல விட்டுட்டீங்க அண்ணே, அது எத்தன கிக்குல சரியாகும்?

கேப் கணக்கு:
கிக்கர் கதை பாதி உண்மை. மீதி பாதி ஓனர் ஆபீஸ்ல இருக்கு. லண்டன்ல வைக்கிங்ஸ்கிட்ட தோத்து 2-3, ரெண்டே நாள்ல தலைமைக் கோச் சாலேவ தூக்கிட்டாங்க. ஓனர் வுடி ஜான்சன் டீமை வாங்குன நாள்லேர்ந்து சீசன் நடுவுல கோச்ச தூக்குனது இதான் மொத தடவ. டிஃபென்ஸ் பாத்துகிட்டிருந்த அல்ப்ரிக்கையே இடைக்கால கோச் ஆக்கி, ஒரே ஆள் தலைல ரெண்டு வேலை. கூட்டிப் பாத்தேன்: சாலே இருந்த 5 மேட்ச்ல எதிராளிங்க எடுத்தது 85 பாயின்ட், சராசரி 17. அதுக்கப்புறம் 12 மேட்ச்ல 319, சராசரி 26க்கு மேல. இதுல சிலது இன்டர்செப்ஷன் ரிட்டர்ன்ல வந்தது, சீஹாக்ஸ் லியனார்ட் வில்லியம்ஸ் 92 யார்டு ஓடுனாரே அந்த மாதிரி, ஆனா அதக் கழிச்சாலும் டிஃபென்ஸ் ஒடஞ்சது ஒடஞ்சதுதான். டிஃபென்ஸ் ஆளு ரெடிக் வேற, ஒப்பந்தத் தகராறுல மொத 7 மேட்ச் வரவேயில்ல, வந்தும் சீசன் முழுக்க ஒரே ஒரு சாக் (எதிர் குவார்ட்டர்பேக்க பந்தோட சாய்க்கிறது).

ராட்ஜர்ஸ அனுப்பிடலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. காச முன்னாடியே குடுத்துட்டு கேப் (டீமோட வருஷ சம்பள உச்சவரம்பு) கணக்க மட்டும் வர்ற வருஷங்க மேல தள்ளி எழுதியிருக்காங்க. ஆள் போனா தள்ளி வெச்சதெல்லாம் வந்து விழும், 49 மில்லியன் டாலர். ஜூன் 1க்கு அப்புறம் அனுப்புனதா கணக்கு காட்டுனா ரெண்டு வருஷமாப் பிரியும், அவ்ளோதான்.

நாலாவது ஸ்னாப்:
17லேர்ந்து 26ஆ? இத நான் கூட்டியே பாக்கல தல, கண்ணு முழுக்க ராட்ஜர்ஸ் மேலயே இருந்திருக்கு. ஆனா அவர சுத்தமா விட்டுடவும் மனசு வரல, லண்டன்ல மூணு இன்டர்செப்ஷன் போட்டதும் அவர்தானே.

எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிறது ஹாலோவீன் டெக்ஸன்ஸ் மேட்ச்தான், அது ஜெயிச்ச மேட்ச்சுங்கறதுதான் கூத்து. ரிசீவர் கார்ரெட் வில்சன் ஒத்தக் கைல புடிச்சத ஊரே பேசுச்சு, நான் சொல்றது கோர்லி பண்ணது. ரூக்கி பையன், பக்கத்துல ஒருத்தனும் இல்ல, டச்டவுன் கோட்டத் தாண்ட ஒரு எட்டு பாக்கி, அதுக்குள்ள ஸ்டைலா பந்த கீழ விட்டுட்டான். பந்து எண்ட்ஸோன் வழியா உருண்டு வெளில போயி டச்பேக், பந்து டெக்ஸன்ஸுக்கு. நான் அப்ப சோபா மேல ஏறி நின்னு கத்திகிட்டிருந்தேன், ரீப்ளே பாத்துட்டு அப்படியே மெதுவா இறங்கி உக்காந்தேன்.

எண்ட்ஸோன் பெஞ்சு:
எங்க வீட்லயும் அதே, டிவி ரிமோட் இன்னும் டேப் ஒட்டித்தான் ஓடுது.