முள் ஜீரோன்னா கதவைத் திறக்கலாமா?

ஸ்டீம்காரன்:
செம்பனை எண்ணெய் ஆலை மேனேஜருங்களுக்கு ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சின்னு நம்ம டவுன்ல ஒரு கூத்து நடந்துச்சு. அதுல காட்டுன ஒரு ஸ்லைடு நேத்துலேர்ந்து சுங்கை சிப்புட் முழுக்க வாட்சாப்ல சுத்துது: "ஸ்டெரிலைசர் பிரஷர் மீட்டர் முள் ஜீரோ காட்டினால் கதவைத் திறக்கலாம்." ஸ்டெரிலைசர்னா பழக்குலையை ஆவி அழுத்தத்துல வேக வைக்கிற பெரிய உருளைத் தொட்டி. ஸ்லைடுல அந்த வரிக்குக் கீழ வேற ஒரு வரி கிடையாது.

கணக்கு போடுங்க. கதவு விட்டம் 2.7 மீட்டர், பரப்பு 5.7 சதுர மீட்டர். உள்ள வெறும் 0.1 பார் அழுத்தம் மிச்சம் இருந்தாலே கதவைத் தள்ளுற விசை 5.8 டன். 0-7 பார் மீட்டர்ல 0.1 பார்ங்கிறது முள்ளோட தடிமன்தான். 1.6 கிளாஸ் மீட்டருக்கு, அதாவது முழு அளவுல 1.6 விழுக்காடு தப்பலாம்னு விட்ட மீட்டருக்கு, அனுமதிச்ச பிழையே 0.11 பார். இதை நம்பி ஒரு ஆளைக் கதவு முன்னாடி நிறுத்தச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பகல் சாப்பாடு பிரியாணியாம், அது மட்டும் சரியா இருந்துச்சாம்.

பயிற்சி_மணி:
ஒத்த ஸ்லைடைப் பாத்துட்டு ஒரு நாள் பாடத்தையே கழுவி ஊத்துறீங்களே அண்ணே. மேனேஜருக்கு வால்வு திருகுறதா வேலை? அவருக்குச் சட்டம் தெரியணும், ஆபத்து மதிப்பீடு தெரியணும், கான்ட்ரெக்டரைக் கட்டுப்படுத்தத் தெரியணும். 2024 ஜூன் 1-லேர்ந்து மலேசியாவோட 514 சட்டம், அதான் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம், அதோட திருத்தம் நடப்புக்கு வந்தாச்சு. முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலேர்ந்து 500,000 வெள்ளி. 5 பேர் வேலை செஞ்சாலே ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வைக்கணும். பழைய 139 சட்டமே, அதான் தொழிற்சாலை இயந்திரச் சட்டம், போயிடுச்சு, சில பேருக்கு இன்னும் சேதி எட்டல போல. முள் ஜீரோவெல்லாம் ஆபரேட்டர் பாடம்.

ஸ்டீம்காரன்:
ஆபரேட்டர் பாடத்தை மேனேஜர் ஸ்லைடுல போட்டது யாரு, நானா?

லாடாங்_பையன்:
எங்க ஆலைக் கதவு 2.1 மீட்டர்தான். 5.8 டன்னெல்லாம் வராது. சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க.

ஸ்டீம்காரன்:
2.1-ன்னா 3.5 டன். நெஞ்சுல வாங்கிட்டு வந்து சொல்லு தம்பி, குறைச்சு எழுதிடலாம்.

எட்டாங்கட்டை:
இன்டர்லாக் எதுக்கு இருக்கு? மிச்ச ஆவியைக் காட்டுற சின்னக் குழாய் வால்வு, காக், அதைத் திறக்காம கதவைப் பூட்டுற லாக்கிங் ரிங் ஒரு அங்குலம் நகராது, அதான் இன்டர்லாக். ஆவி வந்தா காத்திரு, வரலைன்னா திற. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிஞ்சதை இங்க மகாபாரதமா ஓட்டுறாரு. போன மாசம் பாய்லர் தண்ணி திரியிலயும் இவரு இப்படித்தான்.

ஸ்டீம்காரன்:
"வரலைன்னா திற." ஆள் போறது இந்த இடத்துலதான். நாலு விஷயம் சொல்றேன், மணியும் குறிச்சுக்கலாம், அடுத்த ஸ்லைடுக்கு உதவும்.

காக்ல ஒண்ணும் வரலைன்னா ரெண்டு அர்த்தம். உள்ள அழுத்தம் இல்ல, இல்லைன்னா காக் அடைச்சிருக்கு. குலை நாரும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியா உக்காந்துக்கும். பக்கவாட்டுல நின்னு, கையுறை போட்டு, நீளக் கம்பி விட்டுப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும்.

மீட்டருக்குக் கீழ சுருள் குழாய் இருக்கே, சைபன், அதுவும் இதே மாதிரி அடைக்கும். எந்த நேரத்துல அடைச்சுதோ அந்த அளவுலயே முள் நிக்கும். அழுத்தம் ஏறுறதுக்கு முன்னாடி அடைச்சிருந்தா உள்ள 3 பார் இருக்கும்போதும் முள் ஜீரோதான்.

மூணாவது, அடியில நிக்கிற கன்டன்சேட், ஆவி குளிர்ந்து சேர்ற தண்ணி. சல்லடைத் தகட்டுல உதிரிப் பழம் அடைச்சா தண்ணி வெளியேறாது. 3 பார்ல அது 143 டிகிரி. அழுத்தம் விட்டதும் அதுல 8 விழுக்காடு ஆவியாப் பொங்கும், ஒரு கிலோ தண்ணி 1,600 லிட்டருக்கும் மேல ஆவி. மிச்சம் 100 டிகிரிக் கொதிநீரா உள்ளயே நிக்கும். கதவு திறந்தா முழங்கால் உயரத்துக்கு வெளிய பாயும். முள் என்னமோ ஜீரோதான்.

கடைசியா ஆவியை உள்ள விடுற இன்லெட் வால்வு. சீட்டு தேஞ்சு போனா மூடியிருந்தாலும் ஆவி கசியும். அந்தப் பக்கம் ஆவியைச் சேத்து அனுப்புற பேக் பிரஷர் வெசல்ல எந்நேரமும் 3 பார் நிக்குது. 10 மணிக்கு முள் ஜீரோ, ஆவியை வெளிய விடுற எக்ஸாஸ்ட்டை மூடிட்டு டீ குடிச்சிட்டு 10.15-க்கு வந்தா ஜீரோ இருக்குமா? அதனாலதான் கதவு முழுசா திறக்கிற வரைக்கும் எக்ஸாஸ்ட்டும் கன்டன்சேட் வால்வும் திறந்தே இருக்கணும்.

இன்டர்லாக்காம். அதைக் கட்டுக்கம்பியால கட்டி வச்ச ஆலைகளுக்கு ஒரு ஸ்லைடு போடுங்களேன்.

பயிற்சி_மணி:
நீங்க சொன்ன நாலும் பராமரிப்புப் பிரச்சினை. மீட்டருக்குக் கேலிப்ரேஷன் தேதி, சைபன் கழுவுற அட்டவணை, வால்வு சீட்டு மாத்துறது, இதையெல்லாம் கேட்டு வாங்கத்தான் மேனேஜருக்குப் பயிற்சி. முள் ஜீரோங்கிறது ஒரு படி, அவ்வளவுதான். மத்த படியெல்லாம் வாயால சொன்னோம்.

ஸ்டீம்காரன்:
வாயால சொன்னது வாட்சாப்ல வரலையே.

எட்டாங்கட்டை:
ஒவ்வொரு சுத்துக்கும் கம்பி விட்டுக் குத்திக்கிட்டு நின்னா குலை எப்ப வேகும்? ஒரு சுத்து 90 நிமிஷம். 10 நிமிஷம் கூடினா பத்துல ஒரு பங்கு உற்பத்தி காலி. குலை கொட்டி வைக்கிற ரேம்ப்ல அது காத்துக் கிடந்தா எண்ணெய்ல அமிலம் ஏறும். ஹெட் ஆபீஸுக்குப் பதில் சொல்றது ஸ்டீம்காரனா?

ஸ்டீம்காரன்:
காக் திறந்து பாக்க ஒரு நிமிஷம். 10 நிமிஷம் ஆவுதுன்னா காக் அடைச்சிருக்குன்னு அர்த்தம், அப்பத் திறக்கவே கூடாது. நீங்க எந்தப் பக்கம் வாதாடுறீங்க?

கிராணி_மகள்:
ஒரு சந்தேகம் அண்ணே. முதலாளி மாசாமாசம் சம்பளத்துல 1 விழுக்காடு மனிதவள நிதிக்கு லெவி கட்டுறாரு. அந்தக் காசுலதான் இந்த ஒரு நாள் கூத்தெல்லாம். சிஜில், அதான் சான்றிதழ், கொடுத்து, படம் புடிச்சு, லேமினேட் பண்ணி ஆபீஸ்ல மாட்டியாச்சு. கதவைத் திறக்கிற பங்களாதேஷ் பசங்களுக்கு அவங்க பாஷையில ஒரு தாள் ஒட்டக் காசு இல்லையாம். இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

பயிற்சி_மணி:
லெவி கிளெய்ம் முதலாளி விருப்பம். அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல தங்கச்சி.

கிராணி_மகள்:
கிளெய்ம் பாரம் பூர்த்தி பண்ணிக் கொடுத்தது நீங்கதானே. தங்கச்சின்னு கூப்பிட்டா மறந்துடுவேனா?

லாடாங்_பையன்:
உள்ள குலை ஏத்துன கூண்டு தடம் புரண்டா ஆள் இறங்கணுமே, அப்பவும் முள் ஜீரோ போதுமா? எங்க மண்டோர், வேலை மேற்பார்வையாளர், போதும்ங்கிறாரு.

பயிற்சி_மணி:
போதாது. அது அடைபட்ட இடம். பெர்மிட் வேணும், அங்கீகாரம் பெற்ற கேஸ் டெஸ்டர் வேணும், வெளிய ஸ்டேன்பை ஆள் வேணும். ஆக்சிஜன் 19.5-லேர்ந்து 23.5 விழுக்காட்டுக்குள்ள இருக்கணும். இது எங்க பாடத்துல பிற்பகல் பகுதியில வருது, ஸ்டீம்காரன் கவனிக்கவும்.

ஸ்டீம்காரன்:
காலைல முள் ஜீரோன்னு கதவைத் திறந்தவன் பிற்பகல் பகுதிக்கு வருவானா?

தம்பி, உன் மண்டோர்கிட்ட சொல்லு. இன்லெட் வால்வை மூடிச் சங்கிலி போட்டு, உள்ள இறங்குற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பூட்டைப் போடணும், சாவி அவங்கவங்க பாக்கெட்ல. மூணு பேர்னா மூணு பூட்டு. ஒரே பூட்டுப் போட்டு சாவியை ஆபீஸ்ல தொங்கவிடுறது பூட்டே இல்ல. அந்த வால்வு கசியும்னு மேலயே சொல்லிட்டேன், அதனால குழாய் நடுவுல அடைப்புத் தகடு, பிளைண்டு, போடணும். கதவு ரெண்டும் திறந்து, ஃபேன் வச்சு, ஆறவிட்டு, அதுக்கப்புறம்தான் கேஸ் மீட்டர். 514 சட்டம் 26ஏ பிரிவுப்படி உடனடி ஆபத்துன்னு நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யலைன்னா நீ விலகி நிக்கலாம். மணி அந்த ஸ்லைடைக் காட்டினாரான்னு கேளு.

எட்டாங்கட்டை:
மூணு பேருக்கு மூணு பூட்டாம். அப்ப பத்துப் பேர் இறங்கினா கடையா வைக்கிறது?

ஸ்டீம்காரன்:
பல பூட்டு மாட்டுற கொண்டி, மல்டி ஹாஸ்ப், ஒண்ணுல ஆறு பூட்டு மாட்டலாம், ரெண்டு வாங்குங்க. கூண்டு நிமித்தப் பத்துப் பேர் எதுக்கு இறங்குறாங்கன்னு முதல்ல சொல்லுங்க.

பயிற்சி_மணி:
எல்லாம் தெரிஞ்சவரு வந்து மேடையில பேச வேண்டியதுதானே? இங்க திண்ணையில உக்காந்து முள் முள்ளுன்னு குத்தாம.

ஸ்டீம்காரன்:
பேசுறேன். அதுக்கு முன்னாடி அந்த ஸ்லைடை வாபஸ் வாங்குங்க.

பயிற்சி_மணி:
வாபஸ் வாங்க அதுல தப்பில்ல. முழுமையா இல்ல, அவ்வளவுதான்.

ஸ்டீம்காரன்:
முழுமையா இல்லாததுக்குப் பேரு 5.8 டன்.

லாடாங்_பையன்:
3.5.

எட்டாங்கட்டை:
பாய்லர் தண்ணி திரியில புளோடவுன், பாய்லர் அழுக்குத் தண்ணியை வெளியேத்துறது, எத்தனை விழுக்காடுன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல ஸ்டீம்காரரே. அங்க ஏன் வாய் திறக்க மாட்டேங்கிறீங்க?