நான்கு விரல் இடைவெளி போதுமா? தினசரி காரில் ரோல் கேஜ்

பழைய நேவிகேட்டர்
முந்தாநாள் வால்பாறைப் பயணம் பற்றிய இழையில் ‘பொள்ளாச்சி போலோ’ எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அங்கேயே பதில் போட்டால் இழை கெட்டுவிடும் என்று இங்கே வந்தேன்.

அவர் சொன்னது இதுதான். ஆபீஸுக்கு ஓட்டும் போலோ காருக்கு கோவையில் ஒரு பட்டறையில் ஆறு முனை ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புப் பைப் கூண்டு, வெல்டிங் செய்திருக்கிறார். தலைக்கும் பைப்புக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கிறதாம், அது போதுமாம். இனி மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய கார்களெல்லாம் அவர் காருக்குப் பின்னால்தானாம். அரசாங்கமே எல்லா காருக்கும் கேஜை கட்டாயமாக்க வேண்டுமாம்.

ஐயா, ரேலி காரில் கேஜ் வைப்பது நிஜம். ஆனால் உள்ளே இருப்பவன் ஹெல்மெட் போட்டிருப்பான். ஹெல்மெட்டோடு கழுத்தைப் பிடிக்கும் ஹான்ஸ் என்ற சாதனம் போட்டிருப்பான். ஆறு முனை பெல்ட்டில், பக்கெட் சீட்டில், பொட்டலம் மாதிரி கட்டிக் கிடப்பான். நீங்கள் காட்டன் சட்டையில், மூன்று முனை பெல்ட்டில், ஒரு கையில் வடையோடு போகிறீர்கள். உங்கள் மண்டைக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது தலைமுடி மட்டும்தான். (எனக்கு அதுவும் இல்லை, அது வேறு விஷயம்.)

நான்கு விரல். யோசித்துச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி போலோ
அண்ணா, என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. மாதம் இரண்டு முறை போய் வருகிறேன். எதிரில் தேயிலை லாரி, பனி, சறுக்கல். கார் உருண்டால் கூரை நசுங்கும். கூரை நசுங்கினால் ஆள் காலி. கேஜ் இருந்தால் கூரை நசுங்காது. இதில் என்ன தப்பு?

இடைவெளியை நானே அளந்தேன். நான்கு விரல் இருக்கிறது. பைப்பில் ஃபோமும் சுற்றியிருக்கிறது. அப்புறம் ஒன்று, மஹிந்திரா தார் வண்டியில் கம்பெனிக்காரனே கேஜ் வைத்து விற்கிறான். 2020-இல், கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அதற்கு நான்கு ஸ்டார் கொடுத்தது. கம்பெனி வைத்தால் புத்திசாலித்தனம், நான் வைத்தால் முட்டாள்தனமா?

மாட்டுவண்டி
யாருடைய நான்கு விரல்? உங்களுடையதா, உங்கள் குழந்தையுடையதா? சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

பழைய நேவிகேட்டர்
தம்பி, அந்த நான்கு ஸ்டார் எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகத்தில் கிட்டத்தட்ட ஒரு பாதியைத் தடுப்பில் மோதவிட்டுப் பார்க்கும் சோதனை. அதில் யாரும் தாரை உருட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் உருளுவதற்காகக் கேஜ் போட்டுவிட்டு, உருட்டாத சோதனையைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்.

அடுத்தது, தார் கேஜை கம்பெனி சீட், பெல்ட், தலை போகும் பாதை எல்லாவற்றையும் பொம்மை வைத்துப் பார்த்து வடிவமைத்தது. உங்கள் கேஜை யார் பார்த்தார்கள்? பட்டறையில் டீ வாங்கிவந்த பையனா?

நான்கு விரலுக்கு வருகிறேன். நேராக உட்கார்ந்திருக்கும்போது நான்கு விரல். மோதும்போது நீங்கள் நேராகவா உட்கார்ந்திருப்பீர்கள்? மூன்று முனை பெல்ட்டில் தலை முன்னால் ஒரு அடிக்கு மேல் போகும். போகட்டும் என்றுதான் முன்னால் ஏர்பேக் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சாய்வாக மோதினால் அதே தலை முன் கண்ணாடி ஓரத் தூண் பக்கம் போகும். அங்கே இப்போது என்ன இருக்கிறது? உங்கள் பைப்.

பட்டறைப் பழனி
இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘டீ வாங்கிவந்த பையன்’ என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

நான் இருபது வருடமாக கேஜ் கட்டுகிறேன். பொள்ளாச்சி தம்பியின் கார் என் வேலை இல்லை. ஆனால் படம் பார்த்தேன், வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதியில் பிரதான வளைவுக்கு, அதாவது முன்சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய பைப்புக்கு, 45 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மில்லிமீட்டர் கனம், இல்லையென்றால் 50-க்கு 2. நீளவாக்கில் வெல்டிங் தையல் இல்லாத கோல்ட் டிரான் பைப். கூண்டின் பாதம் உட்காரும் இடத்தில் 3 மில்லிமீட்டர் தகடு, 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல். இதையெல்லாம் வைத்துக் கட்டினால் கார் மலையிலிருந்து விழுந்தாலும் கூண்டு நிற்கும்.

முன்பக்கம் நசுங்க வேண்டிய பகுதி பானெட்டுக்குள் இருக்கிறது. கேஜ் கேபினுக்குள் இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ‘கேஜ் போட்டால் கார் நசுங்காது, அதனால் ஆபத்து’ என்று யாராவது சொல்லிவிடுவதற்கு முன்னால் சொல்லிவைக்கிறேன்.

பழைய நேவிகேட்டர்
நான் அதைச் சொல்லவே இல்லையே! நான் சொன்னது தலை. தலை, தலை, தலை. கூண்டு நிற்கும் ஐயா, யார் இல்லை என்றது? கூண்டுக்குள் இருக்கும் கிளியைப் பற்றித்தான் பேச்சு.

தம்பியின் படத்தில் பைப் 45-ஆ என்று பழனி சொல்லவில்லை பாருங்கள். அது தையல் போட்ட இஆர்டபிள்யூ பைப், வெறும் கண்ணாலேயே தெரிகிறது.

பொள்ளாச்சி போலோ
படத்தைப் பார்த்தே பைப்பில் தையல் இருக்கிறதா என்று சொல்கிறீர்கள். ஸ்கேன் சென்டர் வைக்கலாம் அண்ணா நீங்கள்.

சீட்பெல்ட் சரோஜா
எனக்கு ஒரு சந்தேகம். பின்சீட்டில் குழந்தை உட்காருகிறதா? ஆறு முனை கேஜ் என்றால் பிரதான வளைவிலிருந்து இரண்டு பைப் பின்சீட்டுக்கு மேலாகத்தானே பின்பக்கம் இறங்கும்? அங்கே எத்தனை விரல் இடைவெளி?

2022 செப்டம்பரில் பால்கர் பக்கம், பின்சீட்டில் பெல்ட் போடாமல் போன டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்த பிறகுதான் பின்சீட்டில் பெல்ட் என்ற ஒன்று இருப்பதே பலருக்கு நினைவு வந்தது. இன்றைக்கும் பின்சீட்டில் பெல்ட் போடுபவரை விரல்விட்டு எண்ணலாம். பெல்ட் இல்லாத ஆளுக்கு எதிரே இரும்புக் கம்பி. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பொள்ளாச்சி போலோ
என் வீட்டில் எல்லோரும் பெல்ட் போடுவார்கள். அம்மாவுக்கு ஏறி இறங்கக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

மாட்டுவண்டி
அம்மா ஏறவே மாட்டார்கள் என்றால் அதுதான் இருப்பதிலேயே சிறந்த பாதுகாப்பு.

ஆர்சி புக்
மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது உங்கள் நான்கு விரலை அல்ல, ஆர்சி புத்தகத்தை.

பொள்ளாச்சி போலோ
ஊரில் பாதி புல்லட் சைலன்சரை மாற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குப் படபடவென்று போகிறது, அங்கே போய்ச் சட்டம் பேசுங்கள் சார்.

ஆர்சி புக்
நான் புல்லட் வைத்திருக்கிறேன். கம்பெனி சைலன்சர்தான். தேவையில்லாமல் இழுக்க வேண்டாம்.

பழைய நேவிகேட்டர்
சைலன்சர் இழை வேறு இருக்கிறது, அங்கே போங்கள். நான் ஒரு விஷயம் சொல்கிறேன், பிறகு யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

நான் ரேலி காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு வழி நோட்ஸ் படித்த காலத்தில் ஒரு மண்பாதையில் கார் மூன்று உருளு உருண்டது. கேஜ் காப்பாற்றியது, மறுக்கவில்லை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் வலப்பக்கம் ஒரு கறுப்புத் தீற்றல், கீழே விரிசல். ஆறு முனை பெல்ட்டில் இறுக்கிக் கட்டியிருந்தும் தலை பைப் வரை போயிருக்கிறது. உருளும்போது பெல்ட் இழுபடும், சீட் வளையும், கழுத்து நீளும். எத்தனை விரல் என்று அன்றைக்கு அளக்க நேரமில்லை. அந்த ஹெல்மெட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தத் தீற்றல் என் மண்டையில் விழுந்திருந்தால் உங்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

ஃபோம் என்றீர்கள். அது ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம். விரலால் அழுத்தினாலே உள்ளே இரும்பு தட்டுப்படும். பந்தயத்தில் வைப்பது கெட்டியானது, ஹெல்மெட்டுக்காகச் செய்தது. வெறும் தலைக்கு அதுவே கல் மாதிரி.

பொள்ளாச்சி போலோ
ஏசி ஃபோம் இல்லை. பட்டறையில் ‘ஸ்பெஷல் ஃபோம்’ என்றுதான் சொன்னார்கள்.

மாட்டுவண்டி
ஸ்பெஷல் தோசையில் நெய் இருப்பது மாதிரி.

பட்டறைப் பழனி
நேவிகேட்டர் ஹெல்மெட் கதையை இது நாலாவது தடவையாகச் சொல்கிறார். டயரில் நைட்ரஜன் அடிக்கலாமா என்ற இழையிலும் சொன்னார். போன தடவை இரண்டு உருளு, இப்போது மூன்று.

பழைய நேவிகேட்டர்
மூன்றுதான். நைட்ரஜன் இழையில் தோற்ற கோபம் பழனிக்கு இன்னும் தீரவில்லை.

பட்டறைப் பழனி
நான் தோற்கவில்லை, நீங்கள் பேசிப் பேசி மாடரேட்டர் இழையைப் பூட்டினார்.

சீட்பெல்ட் சரோஜா
கேஜ் இருந்தால் எல்லாம் சரி என்பவர்களுக்கு ஒன்று. 2011-இல் எஃப்1 ஓட்டுநர் குபிட்சா இத்தாலியில் ஒரு ரேலியில் மோதினாரே, சாலையோரக் கம்பித் தடுப்பு காருக்குள்ளேயே புகுந்து கை போகாத குறை. அந்தக் காரில் கேஜ் இல்லையா?

பட்டறைப் பழனி
அவர் உயிரோடு இருக்கிறாரே அம்மா! 2019-இல் மறுபடி எஃப்1 ஓட்டினார், 2025-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் ஜெயித்தார். கேஜ் இல்லாமல் இருந்திருந்தால்?

சீட்பெல்ட் சரோஜா
லெ மான்ஸ் ஜெயித்தது கேஜாலா? அவர் திறமையால்.

பட்டறைப் பழனி
திறமை இருந்தால் ஏன் தடுப்பில் மோதினார்?

கரி ரசிகன்
குபிட்சாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசக் கூடாது. அவருடைய 2007 மான்ட்ரியால் எஃப்1 விபத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஒரு லேப் ஓட்டிப் பார்க்காதவர்களெல்லாம் இங்கே நிபுணர்கள்.

மாட்டுவண்டி
நான் ஓட்டியிருக்கிறேன். கோ-கார்ட். என் தலைக்கும் வானத்துக்கும் இடையே நிறைய விரல் இருந்தது.

பழைய நேவிகேட்டர்
குபிட்சாவை விடுங்கள். கேள்வி நான்கு விரல். பொள்ளாச்சி தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை: மோதும் நேரத்தில் அந்த நான்கு விரல் எங்கே போகும்?

அமெரிக்க நாஸ்கார் பந்தய ஓட்டுநர் எர்ன்ஹார்ட் 2001-இல் டேடோனா பந்தயத்தில் மோதி இறந்தார். காரில் கேஜ் இருந்தது, பெல்ட் இருந்தது, ஹெல்மெட்டும் இருந்தது. கழுத்தைப் பிடிக்கும் சாதனம் இல்லை. மண்டையின் அடிப்பகுதி உடைந்தது. அந்த வருடமே நாஸ்காரில் ஹான்ஸ் மாதிரி சாதனம் கட்டாயமானது. நாளைக்கு நீங்கள் ‘அப்படியென்றால் ஆறு முனை பெல்ட்டும் போட்டுவிடுகிறேன்’ என்பீர்கள், அதற்காக இப்போதே சொல்கிறேன். ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததும் வேண்டும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காந்திபுரம் சிக்னலில் நின்றால், பக்கத்தில் பைக்கில் நிற்பவரைத் தலையைத் திருப்பிப் பார்க்கக்கூட உங்களால் முடியாது.

கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் இன்னும் மோசம். அது கூரை ஓரத்திலிருந்து கீழே விரிய வேண்டும். அதே ஓரத்தில் பைப்.

பொள்ளாச்சி போலோ
இந்தியாவில் விற்ற போலோவில் கர்ட்டன் ஏர்பேக்கே கிடையாது. முன்னால் இரண்டுதான். கார் தெரியாமல் கார் பற்றிப் பேசாதீர்கள் அண்ணா.

பழைய நேவிகேட்டர்
‘கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார் என்றால்’ என்று எழுதியிருக்கிறேன். படிக்கவும். ‘எல்லா காருக்கும் கட்டாயம்’ என்று சொன்னது நீங்கள், நான் அல்ல.

பொள்ளாச்சி போலோ
அதைச் சும்மா ஒரு வேகத்தில் சொன்னேன்.

ஆர்சி புக்
குறித்துக்கொள்ளவும். பின்வாங்கல் நம்பர் ஒன்று.

பொள்ளாச்சி போலோ
பின்வாங்கவில்லை. என் காருக்கு நான் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்து படம் போடுகிறேன். நான்கு விரலுக்கு மேலேயே இருக்கும்.

சீட்பெல்ட் சரோஜா
சீட்டை எவ்வளவு கீழே இறக்கிவைத்து அளப்பீர்கள் என்பதையும் படத்தில் காட்டுங்கள். பின்சீட்டையும் சேர்த்து.

பட்டறைப் பழனி
டேப் வைத்து அளந்தால் மில்லிமீட்டரில் போடு தம்பி. நேவிகேட்டருக்கு இன்ச்சில் சொன்னால் ஒரு உருளு கூட்டிவிடுவார்.

பழைய நேவிகேட்டர்
ஹெல்மெட் படமும் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். மூன்று உருளு. அன்றைக்கு வண்டி ஓட்டியவரிடமே கேட்டு எழுதுகிறேன்.

பட்டறைப் பழனி
அவர் எனக்கும் நண்பர்தான். நானும் கேட்கிறேன்.

மாட்டுவண்டி
ஞாயிற்றுக்கிழமை நான் வால்பாறை போகிறேன். பஸ்ஸில். ஜன்னலுக்கும் தலைக்கும் எத்தனை விரல் என்று பார்த்து வந்து சொல்கிறேன்.

பொள்ளாச்சி போலோ
பஸ் கம்பியில் ஃபோம்கூட இருக்காது. அதைப் பற்றி யாரும் இழை திறக்க மாட்டீர்கள்.

பழைய நேவிகேட்டர்
பஸ்ஸை எதற்கு இழுக்கிறீர்கள்? நான்கு விரல். அதற்குப் பதில்.