மிருசுவிலில் நின்ற லொறியும் பின்னால் மோதிய மோட்டார் சைக்கிளும்: பிழை யாருடையது?

தென்மராட்சியான்:
அண்மையில் ஒரு இரவு, கொடிகாமத்துக்கும் மிருசுவிலுக்கும் இடையில் ஏ9 வீதியோரமாக நிறுத்தப்பட்டிருந்த சீமெந்து லொறியின் பின்புறத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி மோட்டார் சைக்கிளுடன் மோதிக் காலை முறித்துக்கொண்டார். லொறியின் பாதி தார் வீதியில் நின்றது. சுமைக்கு மேல் கட்டிய படங்கின் நுனி கீழே தொங்கிப் பின்விளக்குகள் இரண்டையும் மூடியிருந்ததை ஊரவர் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார். பொலிஸார் சாரதிமீது மட்டும் வழக்குத் தாக்கல் செய்திருக்கிறார்கள். உரிமையாளரோ, பின்னால் வந்து மோதியவர்தான் பிழை என்றும், சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் விடயம் முடிந்தது என்றும் சொல்கிறார். சட்டம் இப்படித்தானா?

சுன்னாகம் முதலாளி:
நானும் லொறி வைத்துத் தொழில் செய்பவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் விபத்து என்றதும் பெரிய வாகனம்தான் பிழை என்று சனம் முதலிலேயே தீர்த்துவிடுகிறது. சாரதிக்கு அடி விழுந்த பிறகுதான் பொலிஸ் வருகிறது. வாகனம் ஓட்டுபவர் தன் முன்விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் வர வேண்டும். நின்ற லொறியில் மோதியவர் அந்த வேகத்தில் வரவில்லை என்பது வெளிப்படை. அதற்கு மேல், வீட்டில் நித்திரையில் இருந்த உரிமையாளரை எதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும்? காப்புறுதி அதற்குத்தானே இருக்கிறது?

சட்டத்தரணி, யாழ்ப்பாணம்:
இங்கே இரண்டு வழக்குகள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது குற்றவியல் வழக்கு. அதில் சாரதியின் குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும், தண்டம் அரசுக்குப் போகும், காயப்பட்டவருக்கு நட்டஈடாகாது. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குத் தொடர வேண்டும். அங்கே எந்தப் பக்கம் கூடுதலாக நம்பத்தக்கது என்பதே அளவுகோல். ஆகவே தண்டம் கட்டியதால் எதுவும் முடிந்துவிடாது.

நித்திரையில் இருந்தாலும் உரிமையாளர் பொறுப்பாளியாகலாம். நம் நாட்டில் இவ்விடயத்தை ஆளும் உரோம-டச்சுச் சட்டத்தின்படி, வேலைக்காரர் தம் வேலையின் போக்கில் கவனயீனமாகச் செய்ததற்கு வேலைகொடுப்பவரும் பொறுப்பு. ஆனால் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டும் போதாது. சாரதி அவருடைய வேலையாளாகவோ அவருக்காகவோ ஓட்டினார் என்று காட்ட வேண்டும். அதனால்தான் லீசிங் நிறுவனத்தின் பெயர் பதிவில் இருந்தாலும் பொறுப்பு வழமையாக அதன்மீது விழுவதில்லை.

சுன்னாகம் முதலாளி:
அப்படியென்றால், ஐயா, சாரதி என் வேலையை விட்டு மிருசுவிலில் தன் சிநேகிதனைப் பார்க்க நிறுத்தியிருந்தால்? படங்கைக் கட்டியது சீமெந்துக் களஞ்சியத்து ஆட்கள் என்றால்?

சட்டத்தரணி, யாழ்ப்பாணம்:
முதலாவது கேள்வி நியாயமானது. வேலையை முற்றாகக் கைவிட்டுத் தன் சொந்தக் காரியத்துக்குப் போன சாரதிக்காக முதலாளி பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆனால் சுமையோடு வழியில் சற்று நேரம் நிற்பதை, வேலையைக் கைவிட்டதாக நீதிமன்றம் எளிதில் ஏற்காது. இரண்டாவதில், யார் கட்டினாலும் பின்விளக்கு தெரிகிறதா என்று புறப்படுமுன் பார்க்க வேண்டியவர் சாரதி. களஞ்சியத்தாரின் கவனயீனம் நிரூபிக்கப்பட்டால் அவர்களையும் எதிராளிகளாகச் சேர்க்கலாம். அதனால் மற்றவர்கள் தப்ப முடியாது.

உங்கள் வேகக் கணக்கையும் நான் ஒதுக்கவில்லை. முன்னொரு காலத்தில், காயப்பட்டவர் பக்கத்திலும் கவனயீனம் இருந்தால் அவருடைய வழக்கு முழுவதுமே தோற்றுப்போகக்கூடியதாக இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு நீதிமன்றம் பிழையைப் பங்கிடுகிறது. மோட்டார் சைக்கிள்காரர் வேகமாக வந்திருந்தால் அவருடைய நட்டஈடு அந்தப் பங்குக்கு ஏற்பக் குறையும், இல்லாமல் போகாது. பின்னால் வந்தவர்தான் பிழை என்பது ஒரு ஊகம் மட்டுமே. விளக்கு மறைக்கப்பட்ட லொறி பாதி வீதியில் நின்றது என்பது நிரூபிக்கப்பட்டால் அந்த ஊகம் நிற்காது.

பரந்தன் சாரதி:
முதலாளி அண்ணாவுக்கும் சட்டத்தரணி ஐயாவுக்கும் வணக்கம். ஓட்டுபவன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு கொதிக்கும் இடம் ஒன்று உண்டு: "ஒப்புக்கொள், தண்டத்தை நான் கட்டுகிறேன்" என்று முதலாளிமார் சொல்வது. தண்டம் அவருடையது, குற்றப் பதிவு எங்களுடையது. அந்த ஒப்புதல் பின்னர் சிவில் வழக்கில் எங்களுக்கு எதிரான சாட்சியமாக வரும்; அனுமதிப்பத்திரத்துக்கும் ஆபத்து வரலாம். தேய்ந்த டயருடன் தம்புள்ளைக்கு அனுப்பியவர் யார், விடியுமுன் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வந்து சேர வேண்டும் என்று நெருக்கியவர் யார் என்று அந்த வழக்கில் எவரும் கேட்பதில்லை. லொறியில் கூட வரும் உதவியாளருக்குக் காயமென்றால், தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கவனயீனத்தை நிரூபிக்காமலே முதலாளியிடம் நட்டஈடு கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

சுன்னாகம் முதலாளி:
தம்பி, டயரைக் கவனிக்காத முதலாளிக்காக நான் வாதாடவில்லை. ஒழுங்காகப் பராமரிக்கிறவனும் அதே தராசில் நிறுக்கப்படுகிறான் என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டத்தரணி, யாழ்ப்பாணம்:
ஒழுங்காகப் பராமரித்தவர் என்பதைக் காட்ட உங்களிடம் பராமரிப்புப் பற்றுச்சீட்டுகளும் பயணக் குறிப்புகளும் இருக்க வேண்டும். பிரேக் திடீரென்று செயலிழந்தது என்று சொல்பவர், நியாயமான பரிசோதனையிலும் அக்குறை தென்பட்டிராது என்பதை விளக்க வேண்டி வரும். இருந்தாலும் சாரதியின் கவனயீனத்துக்கு நீங்கள் பொறுப்பு என்பது அதனால் மாறாது. உங்கள் சொந்தக் கவனயீனம் என்ற இரண்டாவது குற்றச்சாட்டிலிருந்துதான் அது உங்களைக் காக்கும்.

காப்புறுதியும் உரிமையாளரைத் தாண்டி நேரே வருவதில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம்தான். ஆனால் அதன் பாதுகாப்புக்குள் வருபவர் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்ற பின்னரே நிறுவனம் கட்டும் கடமை எழுகிறது. வழக்குப் பற்றி உரிய காலத்துக்குள் அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கத் தவறினால் அந்தக் கடமையிலிருந்து அது நழுவிவிடும்.

தென்மராட்சியான் அவர்களே, விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும். தம்பியின் கால் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படம் எடுத்தவரிடமிருந்து அதன் மூலப் பிரதியை, எடுத்த நேரம் அழியாதபடி, இன்றே வாங்குங்கள். வாகனப் பரிசோதகரின் அறிக்கைக்கும் பொலிஸாரின் வரைபடத்துக்கும் சான்றுப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். லொறி விடுவிக்கப்பட்டுப் படங்கு கழற்றப்பட்ட பிறகு, பின்விளக்கு மறைந்திருந்ததைக் காட்ட உங்களிடம் மிஞ்சுவது அந்தப் படமும் அதை எடுத்தவரின் சாட்சியமும் மட்டுமே.