கணக்கில் வராத இந்திய கால்பந்து ஆட்டங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வியாசர்பாடி விங்கர்:
2012 ஜனவரி 10, டெல்லி நேரு ஸ்டேடியம், இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவின் பிரியாவிடை ஆட்டம். எதிரே ஜெர்மன் கிளப் பேயர்ன் மியூனிக். ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும், நமக்கு 0-4 தோல்வி. இடைவேளைக்கு முன்பே நாலும் விழுந்துவிட்டன. அது எனக்குப் பெரிதில்லை. கடைசியில் பைச்சுங் மைதானத்தை விட்டு வெளியே வந்தபோது, என் பக்கத்தில் இருந்த சிக்கிம் பெரியவர் அந்தக் குளிரிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். அவர் உட்காரும் வரை நானும் உட்காரவில்லை.

ஆனால் பதிவேட்டைப் பாருங்கள். நாட்டுக்காகப் பைச்சுங் ஆடிய கடைசி ஆட்டம் 2011 ஜனவரியில் கத்தாரில், தென்கொரியாவோடு என்றிருக்கிறது. காயத்தோடு இருந்தவர் கடைசிக் கொஞ்ச நேரம் மாற்று ஆளாக இறங்கினார், 1-4 தோல்வி. அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

கேலரி மணி:
விங்கர், கிளப்போடு ஆடியதை நாட்டுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பார்கள்? சேர்த்தால் அந்த நாலு கோலும் சேர்ந்துதானே வரும்? அதே ஸ்டேடியத்தில் 2012 செப்டம்பரில் நேரு கோப்பை இறுதி ஆட்டம் பார்த்தேன், வெளிநாட்டு அணிகளை அழைத்து இந்தியா நடத்திய போட்டி அது. கேமரூனோடு 2-2, பெனால்டியில் 5-4 என நாம் ஜெயித்தோம். கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. பின்வரிசையில் ஒருவர், “வந்தது அவங்க ரெண்டாம் டீம்தானே” என்றார். நம்ம கேப்டன் சுனில் சேத்ரி கோப்பையைத் தூக்குகிற நேரத்தில் சொல்கிற பேச்சா அது? எதிரே நின்ற பதினோரு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள், நான் பார்த்தேன்.

பழைய பெரியமேடு:
1993 நேரு கோப்பை நம்ம சென்னையில். இறுதியில் வடகொரியா ருமேனியாவை 2-0 என வென்றது. அப்போதும் எந்த நாடு முழு அணியை அனுப்பியது என்று டீக்கடையில் இதே சண்டைதான்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நட்பு ஆட்டத்துக்குப் போனால் எத்தனை பேரை மாற்றுகிறார்கள் என்று எண்ணுங்கள். 2003இல் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவோடு ஆடியபோது இடைவேளையில் பதினோரு பேரையும் மாற்றியது. அப்புறம் 2004இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஆறு பேரைத்தான் மாற்றலாம் என்று வரம்பு வைத்தது. பயிற்சியாளருக்கு எல்லோரையும் ஆடவிட்டுப் பார்க்க ஆசை, அதனால் வரம்பு மீறுகிறது, ஆட்டம் கணக்கிலிருந்து போகிறது. எனவே டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் யார் இறங்கினார், யார் அடித்தார், எந்த நிமிடம் என்று அன்றே குறித்து வையுங்கள். செல்போனில் வேண்டாம், போன் மாறினால் போயிற்று. பேனாவில் எழுதுங்கள், பால்பாயிண்ட் நல்லது.

வியாசர்பாடி விங்கர்:
மணி, எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும் என்கிறேன், தோல்வி என்றே எழுதட்டும். சரி, 2016 ஆகஸ்டில் திம்புவில் பூட்டானை 3-0 என வென்றோமே, அதுவும் கணக்கில் இல்லை. பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.