கடன் ஆப் கேட்கும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் அனுமதி: எதையெல்லாம் பார்ப்பார்கள், எப்படி நிறுத்துவது?

வைகைக்கரை கேட்டது:

3 லட்சம் தனிநபர் கடனுக்கு ஒரு என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) ஆப். வருமானத்தைச் சரிபார்க்கும் கட்டத்தில் மூன்று வழி காட்டுகிறது. ஒன்று, அக்கவுண்ட் அக்ரிகேட்டர் மூலம் வங்கிக் கணக்கை இணைப்பது. இரண்டு, ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பாக ஏற்றுவது. மூன்று, நெட்பேங்கிங் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுப்பது. முதல் வழியை அழுத்தினால் வருகிற திரையில் இருப்பது இதுதான்:

நோக்கம்: கணக்கைக் கண்காணித்தல்
தரவுக் காலம்: கடந்த 24 மாதம்
எத்தனை தடவை: தினம் 1
அனுமதி முடிவது: 3 ஆண்டு கழித்து
தரவை வைத்திருப்பது: 3 ஆண்டு

இதை ஒத்துக்கொண்டால் பாஸ்வேர்டு அவர்கள் கைக்குப் போகுமா? பணம் எடுக்க முடியுமா? கிரெடிட் கார்டு விவரமும் சேர்த்துத் தெரியுமா? கடன் கிடைக்காமல் போனால் இந்த அனுமதி என்ன ஆகும்? இன்னொன்று: மனைவி பெயரோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுண்ட் பட்டியலிலேயே வரவில்லை. சம்பளம் அதில்தான் விழுகிறது.

---

பழைய பேரேடு பதில்:

மூன்றாவது வழியை முதலில் தள்ளிவிடுங்கள். பாஸ்வேர்டைக் கொடுத்தால் அந்த நிறுவனத்தின் மென்பொருள் உங்கள் பெயரில் உள்ளே நுழைந்து தகவலைப் பக்கம் பக்கமாகச் சுரண்டி எடுக்கும். வங்கியின் பதிவேட்டைப் பொறுத்தவரை உள்ளே வந்தது நீங்கள்தான். வாடிக்கையாளர் பொறுப்பு பற்றி ஆர்பிஐ 2017 ஜூலை 6 அன்று விட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். வங்கியிலும் தவறில்லை, உங்களிடமும் தவறில்லை என்றால் 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் போதும், உங்களுக்கு இழப்பே கிடையாது. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்து பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்கிற நிமிஷம் வரை போன முழுத்தொகையும் உங்கள் தலையில்தான்.

அக்ரிகேட்டர் வழி வேறு. ஆர்பிஐ 2016 செப்டம்பர் 2 அன்று இதற்கான விதிகளை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் எட்டு வங்கிகளோடு புழக்கத்துக்கு வந்தது. இதில் மூன்று பேர்: தரவு வைத்திருக்கும் வங்கி, தரவு கேட்கும் கடன் நிறுவனம், நடுவில் அக்ரிகேட்டர். சிஏஎம்எஸ் ஃபின்சர்வ், ஃபின்வூ, ஒன்மணி, ‘அனுமதி’ (இதுவும் ஒரு நிறுவனத்தின் பெயர்தான்) என்று திரையில் வருகிற பெயர்களெல்லாம் அந்த நடு ஆள்தான். அவர் தபால்காரர் மாதிரி. வங்கி பூட்டி அனுப்புகிற உறையைக் கடன் நிறுவனத்திடம் சேர்ப்பார். திறக்கும் சாவி இவரிடம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையும் புதுச் சாவி உண்டாக்கிக்கொள்ளும். பாஸ்வேர்டு, பின் எதையும் கேட்கவோ சேமிக்கவோ அவருக்கு விதியிலேயே தடை இருக்கிறது.

ஓடிபி இரண்டு வரும். ஒன்று அக்ரிகேட்டரிடமிருந்து, உள்ளே நுழைய. இன்னொன்று வங்கியிடமிருந்து, கணக்கை இணைக்க. இந்த இரண்டாவது எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படியுங்கள். கணக்கு இணைப்பு என்று இல்லாமல் ஏதாவது தொகையோ, பயனாளி சேர்ப்போ எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் எடுப்பதா? இந்தக் குழாயில் தரவு மட்டும்தான் ஓடும்.

இன்னொரு விஷயம். தரவு கேட்கும் நிறுவனம் ஆர்பிஐ, செபி, ஐஆர்டிஏஐ, பிஎஃப்ஆர்டிஏ மாதிரி ஒரு ஒழுங்காணையத்தின் கீழ் இருந்தாக வேண்டும். ஆகவே ஆப்பின் பெயர் எதுவாக இருந்தாலும், அனுமதி கேட்கும் திரையில் கடன் கொடுக்கும் என்பிஎஃப்சியின் பெயர் இருக்க வேண்டும். அதை ஆர்பிஐ தளத்தில் இருக்கும் என்பிஎஃப்சி பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஆப்பின் பெயர் மட்டும் இருக்கிறதென்றால் மேலே போக வேண்டாம்.

---

ஈரிழைத் துண்டு பதில்:

பேரேடு சார் சொன்னது குழாயைப் பற்றி. குழாயில் எவ்வளவு ஓடும் என்பதை நீங்கள் ஒட்டியிருக்கிற ஐந்து வரிதான் தீர்மானிக்கிறது. அந்த ஐந்தும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆர்பிஐயின் தொழில்நுட்ப நிறுவனமான ரீபிட் வகுத்த நோக்கக் குறியீடுகளில் 104 என்பது கணக்கைத் தொடர்ந்து கண்காணிக்க, 105 என்பது ஒரே ஒரு தடவை எடுக்க. கடன் தரலாமா என்று முடிவு செய்ய ஒரு தடவை எடுத்தால் போதும். உங்களுக்கு வந்திருப்பது கண்காணிப்பு. தினம் 1 தடவை, 3 ஆண்டு என்றால் 1,095 தடவை உங்கள் கணக்கை எட்டிப் பார்க்கலாம். கடன் கைக்கு வரும் முன்பே! கடன் வாங்கிய பின் தவணைக் காலம் முழுக்கக் கண்காணிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது.

இந்த வரிகளை நீங்கள் திருத்த முடியாது. எந்தக் கணக்கு என்று டிக் போடலாம், மொத்தத்தையும் ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், அவ்வளவுதான். நிராகரித்துவிட்டு, ‘ஒருமுறை மட்டும், 6 அல்லது 12 மாதத் தரவு’ என்று வேறு கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். கோரிக்கையை வடிவமைப்பது கடன் நிறுவனம், அவர்களால் மாற்றி அனுப்ப முடியும். மாட்டோம் என்றால் பிடிஎஃப் வழி இருக்கவே இருக்கிறது. பிடிஎஃப்புக்குப் போட்ட பாஸ்வேர்டு வேறு, நெட்பேங்கிங் பாஸ்வேர்டு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

‘தரவை வைத்திருப்பது’ என்ற வரியை யாரும் படிப்பதில்லை. அனுமதி முடியும் நாளும் இதுவும் ஒன்றல்ல. முன்னது எதுவரை புதிதாக எடுக்கலாம் என்பது, பின்னது எடுத்ததை எவ்வளவு காலம் கையில் வைக்கலாம் என்பது. இந்தக் கட்டத்தில் ‘வரம்பில்லை’ என்று போடக்கூட தொழில்நுட்ப வரையறையில் இடமிருக்கிறது.

என்ன தெரியும்? மூன்று அடுக்கு. முதல் அடுக்கில் பெயர், பிறந்த தேதி, முகவரி, மொபைல், மின்னஞ்சல், பான், நாமினி இருக்கிறாரா இல்லையா. அடுத்ததில் இருப்பு, கிளை, ஐஎஃப்எஸ்சி. மூன்றாவதில் ஒவ்வொரு வரவு செலவும் தேதி, நேரம், தொகை, அதன் பிறகான இருப்பு, கூடவே விவரிப்பு வரியோடு. ஆபத்து இந்த விவரிப்பு வரியில். யூபிஐயில் பணம் அனுப்பும்போது ‘சீட்டு 14வது தவணை’, ‘கைமாத்து திருப்பி’, ‘ஸ்கேன் ஃபீஸ்’ என்று குறிப்பு போட்டிருந்தால், பல வங்கிகளில் அது அப்படியே விவரிப்பில் ஏறிவிடும். அந்தப் பக்கம் மென்பொருள் இதை வகை பிரிக்கிறது: சீட்டு, வேறு ஆப்பின் தவணை, சூதாட்டம், செக் ரிட்டர்ன் கட்டணம் என்று. பிடிஎஃப் கொடுத்தாலும் இதே வரிகள்தான் போகும். அதனால் காலத்தைச் சுருக்குவது ஒன்றே உங்கள் கையில் இருப்பது.

---

மாங்கனி நகர் பதில்:

ஜாயின்ட் அக்கவுண்ட் வராததற்குக் காரணம்: ஒருவர் மட்டும் இயக்கும் தனிநபர் கணக்குக்குத்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. ‘இருவரில் யாராவது’ வகைக் கணக்கைக் காட்டுவது வங்கிக்கு வங்கி மாறும், ‘இருவரும் சேர்ந்து’ வகை வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் அதில் விழுகிறது என்றால் அந்தக் கணக்குக்கு மட்டும் பிடிஎஃப் ஏற்றுவதுதான் சுலபம்.

தனிக் கணக்கே வரவில்லை என்று இதைப் படிக்கிறவர்களுக்கு: தேடல் மொபைல் எண்ணை வைத்து நடக்கிறது. வங்கியில் பதிவான எண்ணும் அக்ரிகேட்டரில் போட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் அலர்ட் வருகிறதே என்று நம்ப வேண்டாம். அலர்ட்டுக்கு ஒரு எண், வாடிக்கையாளர் விவரத்தில் பழைய எண் என்று இரண்டு இருக்கக்கூடும். கிளைக்குப் போய் ‘என் சிஐஎஃப்பில் (வங்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் விவரக் கோப்பு) எந்த நம்பர் இருக்கிறது’ என்று கேளுங்கள். வங்கிகள் இணைந்த பிறகு ஒரே ஆளுக்கு இரண்டு சிஐஎஃப் நிற்பதும் உண்டு. ஒன்றாகச் சேர்க்க எழுதிக் கொடுக்க வேண்டும்.

கிரெடிட் கார்டும் பழைய கடன்களும் வேறு வாசல் வழியாகத் தெரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. கார்டு வரம்பு, பாக்கி, எத்தனை நாள் தாமதம் எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது அதில் இருக்காது. விண்ணப்பத்தில் நீங்கள் டிக் செய்த அனுமதியை வைத்து எடுப்பார்கள், அந்த விசாரணை உங்கள் அறிக்கையில் பதிவாகும். ஒரே வாரத்தில் ஐந்து ஆப்பில் தட்டிப் பார்த்தால் ஐந்தும் நிற்கும். இந்த நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

---

வைகைக்கரை:

நன்றி. அப்போது அழுத்தித் தொலைத்திருந்தால் எங்கே போய் ரத்து செய்வது? கடன் ஆப்பில் அப்படி ஒரு பொத்தானே காணோம். தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள இ-நாச்சும் போடச் சொன்னார்கள். அதுவும் சேர்ந்து ரத்தாகுமா?

---

பழைய பேரேடு பதில்:

கடன் ஆப்பில் தேடாதீர்கள், அனுமதி இருப்பது அக்ரிகேட்டரிடம். எந்த அக்ரிகேட்டர் என்று தெரியவில்லையென்றால் ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள். மொபைல் எண்ணுக்குப் பின்னால் ‘@’ போட்டு அவர்கள் பெயர் சேர்ந்த முகவரி ஒன்று உருவாகியிருக்கும். அவர்களுடைய ஆப்பிலோ தளத்திலோ அதே எண்ணால் நுழைந்தால் நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். இடைநிறுத்தம், ரத்து இரண்டும் அங்கே இருக்கும். ரத்து செய்தபின் நிலை மாறியிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெவ்வேறு கடன் ஆப் வெவ்வேறு அக்ரிகேட்டரைப் பயன்படுத்தும், ஒன்றில் ரத்து செய்தது இன்னொன்றைத் தொடாது.

ரத்து செய்தால் அடுத்த எடுப்பு நிற்கும். ஏற்கெனவே எடுத்தது திரும்பி வராது. அதற்குக் கடன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியாக மின்னஞ்சல் போடுங்கள்: விண்ணப்ப எண், ரத்து செய்த தேதி, தரவை அழித்து எழுத்தில் உறுதி தரும்படி இரண்டு வரி. கடன் கொடுத்துவிட்டார்கள் என்றால் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ஆவணங்களைக் காட்டி மறுப்பார்கள், அதில் வாதாடிப் பயனில்லை.

இ-நாச் சேர்ந்து ரத்தாகாது. அது தரவுக் குழாயில் இல்லை, பணக் குழாயில் இருக்கிறது. அதற்கு யூஎம்ஆர்என் என்று தனி எண் உண்டு. நெட்பேங்கிங்கில் மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்கும் உத்தரவு) பகுதியிலோ கிளையிலோ அந்த எண்ணைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். யூபிஐ ஆட்டோபே என்றால் எந்த யூபிஐ ஆப்பில் போட்டீர்களோ அதில். கடன் வாங்காமல் விட்டவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கடன் பாக்கி இருக்கும்போது நிறுத்தினால் கதை வேறு: கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் 2007 பணப் பட்டுவாடா சட்டத்தின் 25வது பிரிவு செக் பவுன்ஸ் மாதிரியே பாயும்.

---

ஈரிழைத் துண்டு பதில்:

போனையும் ஒரு தடவை பாருங்கள். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் அனுமதிகளில் எஸ்எம்எஸ் திறந்திருந்தால், அக்ரிகேட்டரில் ரத்து செய்தும் வங்கி அலர்ட் வழியாக வரவு செலவு கசிந்துகொண்டே இருக்கும். தொடர்பு எண்கள், கோப்புகள், அழைப்புப் பதிவு இவற்றைக் கடன் ஆப் தொடக்கூடாது என்று ஆர்பிஐ 2022லேயே சொல்லிவிட்டது. கேட்டால் அதையே புகாரில் எழுதலாம். கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ஆர்பிஐயின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் போடுங்கள், வழி கேட்க 14448. மின்னஞ்சல் நகல் இல்லாமல் போனால் முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள் என்று திருப்பிவிடுவார்கள்.