சேதுக்கரை தை அமாவாசைக் கடை: காய்ந்த பலகாரமா, அவித்த பண்டமா?

கடற்கரைக்காரி:
எங்க மகளிர் குழுவுல எட்டுப் பேரு. வர்ற தை அமாவாசைக்குச் சேதுக்கரையில ரெண்டு நாள் பலகாரக் கடை போடுறோம். கரண்டு இல்ல, பிரிட்ஜ் இல்ல, தார்ப்பாய்க் கூரை மட்டும்தான்.

போன வருசம் நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு பெரிய தூக்குவாளி நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் தாளிச்சோம். தேங்காய் தாராளமாத் துருவிப் போட்டு, சூடு ஆறக்கூடாதுன்னு இறுக்கி மூடி வேன்ல ஏத்தினோம். முதல் வாளி காலையிலேயே காலி. பத்தரை மணிக்கு ரெண்டாவதைத் திறந்தா ஊசின வாடை. கடலை கையில ஒட்டி நூல் விடுது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா சின்னப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு பொட்டலம் கேட்டு நிக்கிறாங்க. இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டு, குழி தோண்டிக் கொட்டினோம். அந்தப் பிள்ளை முகம் இன்னும் எனக்குள்ள இருக்கு.

அதனால இந்த வருசம் அவிச்ச பண்டமே வேண்டாங்குறது என் முடிவு. முறுக்கு, அதிரசம், கடலைமிட்டாய், தேங்காய்ப்பால்ல கிண்டுற கீழக்கரைத் தொதல், வறுத்த நிலக்கடலை. இவ்வளவுதான். குழுவுல நாலு பேரு ஒத்துக்க மாட்டேங்குறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

பனையோலை:
நான் ஒத்துக்கவே மாட்டேன் தங்கச்சி. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுல பிறந்து வளர்ந்தவன். தை மாசத்துல, நம்ம கரையில, பனங்கிழங்கு இல்லாத ஒரு கடையா?

சேதுக்கரைக்கு வர்ற சனத்தை யோசிச்சுப் பாருங்க. மதுரையில இருந்தும் சிவகங்கையில இருந்தும் ராத்திரியே பஸ் ஏறி வர்றவங்க. இருட்டோட கடல்ல முங்கி, ஈரத்துணியோட உக்காந்து தர்ப்பணம் கொடுத்து, அதுவரைக்கும் பச்சைத்தண்ணி படாத வயித்தோட மேட்டுக்கு வர்றாங்க. பனியில பல்லு கிட்டிக்கிட்டு நிக்கிற மனுசனுக்கு முறுக்குப் பொட்டலத்தை நீட்டுறதா? அவனுக்கு ஆவி பறக்க ஒண்ணு வேணும்.

உங்க சுண்டல் கெட்டதுக்கு அவிச்சது காரணமில்ல. ஏழு மணி நேரத்துக்கு முன்னாடி அவிச்சது காரணம். அடுப்பைக் கடையிலயே மூட்டி, அவிக்க அவிக்க வித்தா பிரிட்ஜ் எதுக்கு? நம்ம ஆத்தாமாரு எந்தப் பிரிட்ஜை வச்சுத் திருவிழாவுல கிழங்கு வித்தாங்க?

ஆய்வகத்தான்:
உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு.

சமைத்த பண்டம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். சில கிருமிகளின் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. பெரிய வாளியில் இறுக்கி மூடிய சுண்டல் மெல்ல மெல்ல ஆறும். மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வித்துகள் முளைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. பச்சைத் தேங்காய் அதை இன்னும் விரைவாக்கும். சூடு காக்க நீங்கள் போட்ட மூடியே சுண்டலைக் கெடுத்திருக்கிறது அக்கா.

பனையோலை அண்ணனுக்கும் ஒன்று. ஆறிப்போனால் திரும்பச் சூடாக்கிக் கொடுத்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். கையிலிருக்கும் புண்ணிலிருந்தோ மூக்கைத் தொட்ட விரலிலிருந்தோ உணவில் ஏறும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஒரு நஞ்சை விட்டுவைக்கும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு சூட்டில் அழியாது. கூட்ட நெரிசலில், கை கழுவத் தண்ணீர் தட்டுப்பாடான கடற்கரையில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் என் ஓட்டு காய்ந்த பலகாரத்துக்கே. முறுக்கில் ஈரம் இல்லை. கடலைமிட்டாயில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் வெல்லம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது.

பனையோலை:
தம்பி, படிச்சவர் சொல்றதை மதிக்கிறேன். ஆனா நீங்க சுண்டலையும் கிழங்கையும் ஒரே தட்டுல வைக்கிறீங்க. ஆவணி, புரட்டாசியில விழுந்த பழத்துக் கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைச்சா, தைப்பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். தோலோட கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்கிறோம். தோலோடதான் விக்கிறோம். வாங்குறவரே உரிச்சு, ரெண்டாப் பிளந்து, நடுவுல இருக்குற தும்பை எடுத்துப் போட்டுட்டுத் திங்கிறார். விக்கிறவ விரல் திங்கிற சதையில எங்க படுது? கரண்டி வேண்டாம், தட்டு வேண்டாம், கப்பு வேண்டாம். இதைவிடச் சுத்தமான திருவிழாப் பண்டம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

தொதல் வீட்டுப் பிள்ளை:
அக்கா, கீழக்கரையில இருந்து எழுதுறேன். எங்க ஊர்த் தொதலைப் பட்டியல்ல சேர்த்ததுக்குச் சந்தோசம். ஆனா காய்ஞ்ச பலகாரம்னா கவலையே இல்லைன்னு நினைக்காதீங்க. நம்ம கரையில அதுக்கும் ஒரு எதிரி இருக்கு. உப்புக்காத்தும் விடியக்காலப் பனியும்.

திறந்த தட்டுல குவிச்சு வச்ச முறுக்கு ஒரு மணி நேரத்துல நமுத்துப்போகும். பொரி அதுக்கு முன்னாடியே. கடலைமிட்டாய் மேல பிசுபிசுன்னு கசிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கருப்பட்டியும் அப்படித்தான்; அதான் பழைய வீடுகள்ல அடுப்புக்கு மேல பரண்ல வைப்பாங்க, புகைச்சூட்டுல காஞ்சு கிடக்கும். ஆகவே மூடி இறுகின தகர டின் வேணும். அதையும் ஒரே பெரிய டின்னா வாங்காதீங்க. கூட்டத்துல நூறு தடவை திறப்பீங்க, ஒவ்வொரு தடவையும் ஈரக்காத்து உள்ள போகும். சின்னச் சின்ன டின்னா எட்டுப் பத்து வச்சு, ஒண்ணு காலியானதும் அடுத்ததைத் திறங்க.

தொதலைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். பேருக்கு இனிப்புன்னு ஆயிரம் வந்துருச்சு, எங்க உம்மாமாரு கிண்டுன பதம் தெரியாமப் போயிரக்கூடாது. தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி இல்லைன்னா சீனி. விறகடுப்புல மணிக்கணக்காக் கிண்டணும், கை மாத்திக் கை மாத்தி. முதல்ல பால் சுண்டும், அப்புறம் கெட்டியாகும், அதுக்கப்புறம்தான் தேங்காய் எண்ணெய் தானா விளிம்புல பிரிஞ்சு வரும். அந்த எண்ணெய் பிரியிற வரைக்கும் விடக்கூடாது. கைவலிக்குப் பயந்து முன்னாலேயே இறக்கிட்டா ஈரம் உள்ள தங்கி, மூணாம் நாள் பூஞ்சை பிடிக்கும். முழுப் பதத்துல இறக்கினது எங்க வீட்டுல பத்து நாளைக்கு வெளியிலேயே இருக்கும். வாங்கும்போது ஒரு துண்டை விரலால அழுத்திப் பாருங்க. ஒட்டாமத் திரும்பி எழும்பினா நல்ல தொதல்.

கணக்குப்பிள்ளை:
பதினைந்து வருடமாகத் திருவிழாக் கடை போடுகிறேன். யாரும் தொடாத ஒரு விஷயம், மிச்சம். இரண்டாம் நாள் மாலை கூட்டம் கலைந்ததும் கையில் நிற்பதுதான் லாபமா நட்டமா என்று முடிவு செய்கிறது. மிஞ்சிய முறுக்கை மறுநாள் ஊருக்குள் விற்கலாம். மிஞ்சிய கிழங்கை? அமாவாசைக் கூட்டம் காலை ஒன்பது மணிக்குள் முக்கால்வாசி வண்டி ஏறிவிடும்.

இன்னொன்று, தண்ணீர். கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் கடலை அவித்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் எரித்தாலும் கல்லாகவே கிடக்கும். சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடுதலாக உள்ள கடினத் தண்ணீர் பயறை வேகவிடாது. ஆப்பச்சோடா போட்டால் வேகும், ஆனால் ருசி போய்விடும். கடையில் வைத்து அவிப்பதென்றால் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக வீட்டிலிருந்தே சுமக்க வேண்டும். எட்டுப் பெண்கள் அதையும் சுமப்பார்களா?

மண்டபம் மச்சான்:
எல்லாரும் பழைய பண்டமாவே பேசுறீங்க. இளசுங்களும்தான் வருது. பிரட்டுக்குள்ள காய்கறி வச்சு மயோனைஸ் தடவினா அடுப்பே வேண்டாம். இல்லைன்னா புளியோதரைப் பொட்டலம். புளி இருக்கே, கெடாதே!

ஆய்வகத்தான்:
தம்பி, வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்ததே அது எவ்வளவு ஆபத்தானது என்பதால்தான். வெயிலில், பிரிட்ஜ் இல்லாமல், அதைக் கையில் எடுப்பதே தப்பு. புளியோதரைக்குப் புளிப்பு ஒரு காவல் என்பது உண்மை. ஆனால் சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றிலும் புளிக்காய்ச்சல் சமமாக ஏறியிருக்காது. வீட்டு யாத்திரைக்குக் கட்டுச்சோறு கட்டுவது வேறு, முன்பின் தெரியாத நூறு பேருக்கு விற்பது வேறு.

கடற்கரைக்காரி:
மச்சான் தம்பி, அமாவாசைக்கு வர்றவங்க நிறையப் பேரு அன்னைக்கு முட்டை, வெங்காயம், பூண்டு எதையும் தொடமாட்டாங்க. அது நம்ம பண்டத்துக்கும் பொருந்தும். முறுக்குல பூண்டு சேர்க்கிறதா இருந்தேன், இப்ப எடுத்துட்டேன்.

பனையோலை அண்ணே, நீங்க சொன்னதை ராத்திரி குழுவுல வாசிச்சுக் காட்டினேன். அந்த நாலு பேரும் கைதட்டுறாங்க. ஆனா மிஞ்சினா என்ன செய்யன்னு கணக்குப்பிள்ளை ஐயா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

பனையோலை:
பச்சைக்கிழங்கு அவிக்காம இருந்தா உடனே கெடாது. மொத்தத்தையும் ஒரே அண்டாவுல போடாதீங்க. ஒரு தடவைக்கு ரெண்டு கட்டு. விக்க விக்க அடுத்த ரெண்டு கட்டு. அவியாம மிஞ்சினதை ஊருக்குக் கொண்டுவந்துரலாம். அவிச்சு மிஞ்சினதை வட்டமா நறுக்கி வெயில்ல காயப் போட்டா மாவுக்கு ஆகும். ஐயாவோட தண்ணிக் கணக்கு சரிதான், அதை மறுக்கல. ரெண்டு கட்டு அவிக்க ரெண்டு குடம் போதும்.

இன்னொண்ணு, பிளாஸ்டிக் பை வேண்டாம். 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தடை. நியூஸ்பேப்பர்லயும் மடிக்காதீங்க, அச்சு மை பண்டத்துல ஏறும். பனை ஓலைக் கொட்டான்ல வச்சுக் கொடுங்க. வாங்கினவங்க வீட்டுக்கும் கொண்டுபோவாங்க, முடையிற பொம்பளைகளுக்கும் ரெண்டு காசு கிடைக்கும். கிழங்கை விட எனக்கு இதுதான் முக்கியம்.

ஆய்வகத்தான்:
தோலோடு, கடையிலேயே, சிறுசிறு தடவையாக அவிப்பதென்றால் என் எதிர்ப்பைக் கிழங்கு அளவில் விலக்கிக்கொள்கிறேன். சுண்டலில் மாட்டேன். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு தடவை இறக்கியதும் சிலேட்டில் மணி எழுதுங்கள். நான்கு மணி நேரம் தாண்டினால் விற்கக் கூடாது. காசு வாங்குபவர் பண்டத்தைத் தொடக் கூடாது. தற்காலிகக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அதை இப்போதே செய்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் இன்னும் காய்ந்த பலகாரத்தின் பக்கம்தான். அடுப்பு வைத்தால் ஒரு ஆள் அடுப்புக்கே போய்விடும். முதல் வருடமாவது கிழங்கை முதல் நாள் காலையோடு நிறுத்திப் பாருங்கள்.

கடற்கரைக்காரி:
அப்படியே செய்யுறோம் ஐயா. முறுக்கு, அதிரசம், தொதல் ரெண்டு நாளும். கிழங்கு அமாவாசையன்னைக்கு விடியக்காலம் நாலுல இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும். சுண்டல் கிடையாது. சிலேட்டும் சின்ன டின்னும் நாளைக்கே வாங்குறேன். அடுப்பை எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறதுன்னுதான் புரியல. போன வருசம் பக்கத்துக் கடை அடுப்பு அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, மணலும் அண்டாவுக்குள்ள விழுந்துச்சு.

பனையோலை:
அங்க கடல் தெக்க. தையில விடியக்காலம் வாடைக்காத்து, வடக்கேயிருந்து அடிக்கும். வடக்கேயும் கிழக்கேயும் தகரம் மறைச்சு, அடுப்பு வாயைத் தெக்க பார்த்து வைங்க. ஓலைத்தட்டி கட்டாதீங்க, நெருப்பு பிடிக்கும். அண்டாவுக்கு மேல ஈரச்சாக்கு ஒண்ணு போட்டு மூடுங்க, மணல் விழாது. கிழங்கு எத்தனை கட்டு வேணும்னு பொங்கலுக்கு முன்னாடி சொல்லிருங்க தங்கச்சி, தோண்டி வைக்கச் சொல்றேன்.